கிடாக்குட்டியின் எடை ஏற்றமும் கறித் தரமும்: கொட்டிலில் இருந்து கறிக்கடை வரை கணக்கெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் இருந்து சாயல்குடி வரை கடலோரம் போனால், கிடாக்குட்டி வளர்க்காத ஊரைப் பார்ப்பது அரிது. பக்ரீத்துக்கு இரண்டு, கோயில் கொடைக்கு இரண்டு, தீபாவளிக் கறிக்கு நான்கு என்று வீட்டுக்கு வீடு குட்டி கட்டிக் கிடக்கும். ஆனால் விற்கும்போது எல்லாம் உருப்படிக் கணக்குதான். வியாபாரி முதுகைத் தடவிப் பார்ப்பார், வயிற்றைப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். நாமும் கொஞ்சம் இழுத்துப் பேசிவிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவோம். அந்தக் கிடாவில் எத்தனை கிலோ கறி இருந்தது, எலும்பு எவ்வளவு, குடலைச் சுற்றி எவ்வளவு கொழுப்பு வீணாய்ப் போனது என்பது கறிக்கடைக்காரருக்குத் தெரியும். மூன்று மாதம் தீவனம் போட்டவருக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்வதற்கான வழிதான் இது. இப்படிக் கணக்கெடுக்கும் பழக்கம் மாட்டுக் கன்றுகளில் நன்றாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் மாடு வளர்த்துக் கன்று விற்பவர்கள் தங்கள் கன்றுகளில் சிலவற்றைப் பொதுவான கொழுக்கவைக்கும் பட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே எல்லோருடைய கன்றும் ஒரே தீவனத்தைத் தின்னும். தினசரி எடை ஏற்றம், நோய்ச் செலவு, கடைசியில் 12-வது, 13-வது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டிப் பார்த்த கறியின் பரப்பும் கொழுப்பும் என எல்லாம் அறிக்கையாக வளர்த்தவரிடம் திரும்பி வரும். எந்தக் காளையின் கன்று லாபம், எதன் கன்று நஷ்டம் என்று அதை வைத்து முடிவு செய்வார்கள். நம் பக்கம் அதே வேலையைச் செம்மறிக் கிடாவிலும் வெள்ளாட்டங்கிடாவிலும் செய்யலாம். அதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு தொங்கு தராசு, ஒரு துணிக்கடை நாடா, ஒரு நோட்டு, அப்புறம் பேச்சுக்கு இணங்கும் ஒரு கறிக்கடைக்காரர் போதும்.

முதலில் குட்டிகளைத் தேர்ந்தெடுப்பது

வளர்க்கப்போகும் எல்லாக் குட்டிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஒரே பொலிகிடாவுக்கு (இனவிருத்திக்கு வைத்திருக்கும் கிடாவுக்கு) பிறந்தவை ஐந்தாறு, இன்னொரு பொலிகிடாவுக்குப் பிறந்தவை ஐந்தாறு என்று எடுத்தால் ஒப்பிட வசதி. ஒன்றிரண்டு குட்டியை வைத்து ஒரு பொலிகிடாவைத் தீர்மானிக்கக் கூடாது. தாயின் பாலும், ஒற்றைக் குட்டியா இரட்டையா என்பதும் அதில் புகுந்து கணக்கைக் குழப்பிவிடும்.

இனம் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துச் செம்மறியில் ராமநாதபுரம் வெள்ளையும் கீழக்கரிசலும் முக்கியமானவை. வெள்ளாட்டில் கடலோரத்துக்குப் பழகியது கொடி ஆடு. கொடி ஆட்டின் வெள்ளை உடம்பில் கருப்புத் தெறிப்பு இருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறிப்பு இருந்தால் செம்போரை. கொடி ஆடு உயரமாக, காலும் கழுத்தும் நீண்டு நிற்கும். ராமநாதபுரம் வெள்ளை நடுத்தர உடம்பு. இந்த இரண்டையும் ஒரே கொட்டிலில் கட்டி 'எது நன்றாக ஏறியது' என்று பார்த்தால் கிடைக்கும் பதில் எதற்கும் உதவாது. செம்மறியைச் செம்மறியோடும் வெள்ளாட்டை வெள்ளாட்டோடும்தான் ஒப்பிட வேண்டும்.

வயது மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், ஒன்றுக்கொன்று இருபது நாள் வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். சந்தையில் வாங்குவதானால் வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையில் எட்டும் பால் பல்லாக, சிறிதாக, வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்துவிட்டால் ஒரு வயதைத் தாண்டிய கிடா. அது குட்டி வேகத்தில் ஏறாது. பல் பார்க்காமல் உடம்பை மட்டும் பார்த்து வாங்கினால், தீவனப் பஞ்சத்தில் குன்றிப்போன கிடாவைக் குட்டி விலையில் வாங்கி வந்துவிடுவோம். அதுவும் நல்ல தீவனம் கண்டதும் முதல் மாதத்தில் மடமடவென்று ஏறும். அந்த ஏற்றம் பட்டினி கிடந்த உடம்பு இழந்ததை மீட்பது. அதை இனத்தின் குணம் என்று எழுதிவிடக் கூடாது.

ஒவ்வொரு குட்டிக்கும் எண் வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: அடையாளத்துக்காகக் காதை வெட்டாதீர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் நல்ல விலைக்குப் போவது குர்பானிக் கிடா. காது அறுபட்டதையும், கொம்பு உடைந்ததையும், நொண்டியையும், கண் தெரியாததையும் குர்பானிக்கு எடுக்க மாட்டார்கள். கழுத்தில் கயிறு கட்டி எண் எழுதிய தகட்டைத் தொங்கவிட்டாலே போதும். வயதுக்கும் மார்க்கக் கணக்கு உண்டு. செம்மறிக்கு ஒன்று, வெள்ளாட்டுக்கு ஒன்று. யாருக்கு விற்கப்போகிறோமோ அவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். போன ஆண்டு குட்டி கட்டிய அதே தேதியில் இந்த ஆண்டும் கட்டினால் நாள் போதாது.

பழக்கும் இரண்டு வாரம்

மேய்ச்சலில் கிடந்த குட்டியைக் கொட்டிலில் கட்டிய அன்றே கணக்கைத் தொடங்கக் கூடாது. முதல் 14 நாள் பழக்கத்துக்கு. குடற்புழு நீக்க மருந்து, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு இந்த நாட்களில் முடித்துவிடுங்கள். துள்ளுமாரிதான் கொழுக்க வைக்கும் கொட்டிலின் முதல் எதிரி. நன்றாகத் தின்று நன்றாக ஏறும் குட்டியைத்தான் அது பிடிக்கும். காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கும்.

அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) முதல் நாள் ஒரு கைப்பிடியில், அதாவது 50 கிராமில் தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டாவது வாரக் கடைசியில் 250 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். திடீரென்று தானியத்தைக் கொட்டினால் வயிற்றில் புளிப்பேறி, குட்டி தீவனத்தை வெறுத்து நிற்கும். அப்படி ஒரு தடவை விழுந்த குட்டி அந்த வளர்ப்புக் காலம் முழுக்கப் பின்தங்கித்தான் இருக்கும்.

எடை எடுப்பது: இதில்தான் முக்கால்வாசிப் பிழையும்

ஆட்டின் உயிர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வயிற்றுக்குள் இருக்கும் தீவனமும் தண்ணீரும்தான். காலையில் வெறும் வயிற்றில் 18 கிலோ காட்டிய குட்டி, தின்று குடித்தபின் சாயங்காலம் 20 கிலோ காட்டலாம். தினம் 100 கிராம் ஏறும் குட்டியில் அந்த 2 கிலோ என்பது 20 நாள் வளர்ச்சி! எனவே எப்போதும் ஒரே நேரம், ஒரே நிலை. முந்தின நாள் இரவு தீவனத்தை எடுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன் எடை போடுங்கள். தொடக்க எடையையும் முடிவு எடையையும் மட்டும் அடுத்தடுத்த இரண்டு நாள் போட்டு, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 14 நாளைக்கு ஒரு முறை போதும்.

தொங்கு தராசில் சாக்கை இரண்டு கால் ஓட்டைகளோடு தைத்துத் தொட்டில் மாதிரி மாட்டினால் குட்டி துள்ளாது. சாக்கின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது. சாணம், மூத்திரம் பட்டுச் சாக்கு கனமாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதைத் தனியே நிறுத்துப் பாருங்கள்.

தராசு கிடைக்காத இடத்தில் நாடாவை வைத்து மதிப்பிடலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்தது மார்புச் சுற்றளவு. தோள் முனையில் இருந்து பின்புற இடுப்பு எலும்பின் கடைசி முனை வரை உடல் நீளம். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,838-ஆல் வகுத்தால் கிலோ வரும். மார்பு 66, நீளம் 58 என்றால் 23.3 கிலோ. இது மாட்டுக்கு வந்த கணக்கு. ஆட்டில் கிலோ இரண்டு கிலோ முன்பின் ஆகும். சந்தையில் விலை பேச நல்ல துணை. ஆனால் 14 நாள் ஏற்றத்தைக் கண்டுபிடிக்க நாடாவை நம்ப வேண்டாம்.

தீவனமும் தண்ணீரும்

100 கிலோ அடர்தீவனத்துக்கு ஒரு கலவை: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 20, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 16, தாது உப்புக் கலவை 2, சுண்ணாம்புக்கல் தூள் 1, சாப்பாட்டு உப்பு 1. புரதம் 17 சதவீதம் பக்கம் வரும். கம்பு, குதிரைவாலி மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மக்காச்சோளத்தில் பாதியை அவற்றால் மாற்றலாம்.

சீமைக்கருவேல் நெற்று நம் மாவட்டம் முழுக்கச் சும்மா விழுந்து கிடக்கிறது. சர்க்கரை நிறைந்த தீவனம், ஆடு விரும்பித் தின்னும். காய வைத்து அரைத்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் சேருங்கள். முழு நெற்றாகப் போட்டால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, அந்த எருவைக் கொட்டும் வயலெல்லாம் சீமைக்கருவேல் முளைக்கும். குடைவேல நெற்றையும் இதே மாதிரி சேர்க்கலாம். கருவாட்டுக் கழிவை மட்டும் புரதம் என்று நினைத்துக் கொழுக்க வைக்கும் கிடாவுக்குப் போடாதீர்கள். உப்பும் மணலும் அதில் அதிகம், மீன் வாடை கறிக்கும் ஏறும்.

கடலைப் புண்ணாக்கு விஷயத்தில் கடலோரத்துக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு ஈரலைக் கெடுத்து வளர்ச்சியைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், மூட்டையைப் பலகை மேல் வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கிணறுகளில் பாதி உவர். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை ஆடுகள் பழகிக்கொள்ளும். 7,000-ஐத் தாண்டினால் வளரும் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். நடுவில் இருந்தால் மழைத் தண்ணீரையோ ஊருணித் தண்ணீரையோ கலந்து கொடுங்கள், தீவனத்தில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொட்டிலை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான் போக வேண்டும். உவர் தண்ணீர் குடித்த குட்டி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் பழியைப் பொலிகிடா மேல் போட்டுவிடுவோம்.

ஆண் குட்டிகளுக்கு மூத்திரக் கல் ஒரு பெரிய ஆபத்து. தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு பங்கு இருக்க வேண்டும். மேலே சொன்ன கலவையில் சுண்ணாம்புக்கல் தூள் அதற்காகத்தான். குட்டி முதுகை வளைத்து முக்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக மூத்திரம் போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மிகச் சின்ன வயதிலேயே காயடித்த கிடாவில் மூத்திரக் குழாய் சரியாக விரியாது, அதற்கு இந்த ஆபத்து அதிகம்.

இனி கணக்கு. போட்ட தீவனம் வேறு, தின்ற தீவனம் வேறு. மறுநாள் காலையில் தொட்டியில் மிஞ்சியதை நிறுத்துக் கழிக்க வேண்டும். தின்றதையும் ஈரம் நீக்கிய எடையாக மாற்ற வேண்டும். பசுந்தழையில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் உலர்பொருள். கடலைக்கொடி, அடர்தீவனம் இவற்றில் பத்தில் ஒன்பது பங்கு. ஒரு குட்டி ஒன்றரைக் கிலோ வேலிமசால் பசுந்தழையும் 200 கிராம் கடலைக்கொடியும் 250 கிராம் அடர்தீவனமும் தின்றால், உலர்பொருள் சுமார் 730 கிராம். 18 கிலோ குட்டிக்கு இது சரியான அளவு. உடல் எடையில் 3.5 முதல் 4 சதவீதம். தினமும் இப்படி நிறுக்க முடியாதவர்கள் வாரத்தில் இரண்டு நாள் நிறுத்து, அதைச் சராசரியாக எடுத்துக்கொள்ளலாம். தனித்தனிக் குட்டிக்குத் தீவனம் நிறுப்பது யாருக்கும் நடக்காது. பொலிகிடா வாரியாக இரண்டு தடுப்பு போட்டு, தடுப்புக்கு ஒரு கணக்கு வைத்தாலே போதும்.

14 நாள் எடையைப் படிக்கும் விதம்

முடிவு எடையில் தொடக்க எடையைக் கழித்து, நாட்களால் வகுத்தால் தினசரி ஏற்றம். நல்ல தீவனத்தில் நம் செம்மறிக் குட்டி 100 கிராமை ஒட்டியும், கொஞ்சம் தாண்டியும் ஏறும். வெள்ளாட்டங்குட்டி 60 முதல் 90 கிராம் வரை ஏறினால் மனநிறைவோடு இருக்கலாம். தின்ற உலர்பொருளை ஏறிய எடையால் வகுத்தால், ஒரு கிலோ ஏற எத்தனை கிலோ தீவனம் என்று வரும். ஏழு எட்டுக்குள் இருந்தால் நல்லது.

ஒரு 14 நாளில் எல்லாக் குட்டிக்கும் ஏற்றம் குறைந்தால் காரணம் கொட்டிலில் இருக்கிறது: தீவனம், தண்ணீர், வெக்கை, புழு. ஒன்றிரண்டுக்கு மட்டும் குறைந்தால் காரணம் அந்தக் குட்டியில் இருக்கிறது. பங்குனி முதல் ஆடி வரை வெயிலில் பகல் தீனி குறையும். விடியற்காலையும் இரவும் தீவனத்தை மாற்றிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எடையோடு கையையும் பயன்படுத்துங்கள். கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால், முதுகின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நடுமுதுகு முள்ளும், பக்கவாட்டில் நீளும் எலும்பு முனைகளும் விரலுக்கு எப்படித் தட்டுப்படுகின்றன என்று பாருங்கள். கூர்மையாகக் குத்தினால் 1. முனை தெரிந்தாலும் மழுங்கியிருந்தால் 2. அழுத்தினால்தான் தெரியும், இடையில் கறி நிரம்பியிருக்கிறது என்றால் 3. நன்றாக அழுத்தியும் அரைகுறையாகத் தெரிந்தால் 4. தெரியவே இல்லை என்றால் 5. கறிக்கு 3 முதல் 3.5 போதும். ஆனால் வெள்ளாட்டில் இந்தக் கை கொஞ்சம் ஏமாற்றும். அது கொழுப்பைத் தோலுக்கடியில் சேர்ப்பதைவிட வயிற்றுக்குள் குடலையும் குண்டிக்காயையும் சுற்றித்தான் முதலில் சேர்க்கும். முதுகில் 2.5 காட்டும் கொடி ஆட்டின் வயிற்றைத் திறந்தால் சவ்வுக் கொழுப்பு கட்டியாகத் தொங்கும். வெள்ளாட்டுக்கு நெஞ்செலும்பின் மேலும் கை வைத்துப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது

உடம்பு முதலில் எலும்பு வளர்க்கும், பிறகு சதை, கடைசியில் கொழுப்பு. கொழுப்புக்கு மாறிவிட்டால் தீவனம் தின்னும், தராசு நகராது. தீவனம் நாளுக்கு 14 ரூபாய், உயிர் எடை கிலோ 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 60 கிராம் ஏறினால் 21 ரூபாய் வரவு. 35 கிராமுக்கு விழுந்தால் 12 ரூபாய்தான்; அதற்குப் பிறகு கட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை 14 நாளைக்கு ஒரு முறை பாருங்கள். பண்டிகை விலைக்காகக் காத்திருப்பது வேறு விஷயம். காத்திருக்கும் காலத்தில் அடர்தீவனத்தைக் குறைத்து உடம்பைத் தக்கவைத்தால் போதும்.

மருந்து கொடுத்திருந்தால் அட்டையில் போட்டிருக்கும் விலக்கு நாட்கள் முடியும் வரை கறிக்கு அனுப்பக் கூடாது. புழு மருந்துக்கும் இது பொருந்தும். நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிகளுக்கு அந்த நாட்கள் அதிகம். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை, அதைத் தின்னப்போவது குழந்தைகளும்தான்.

கறிக்கடையில் என்னென்ன நிறுக்க வேண்டும்

எல்லாக் கிடாவையும் இப்படிப் பார்க்க முடியாது. தடுப்புக்கு மூன்று போதும். சராசரியை ஒட்டிய மூன்றை எடுங்கள். மிகப் பெரியதை எடுத்தால் பெருமைப்படலாம், பாடம் கிடைக்காது.

கறிக்கடைக்காரரிடம் முந்தின வாரமே பேசிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த வேலை நடக்காது. "செவ்வாய்க்கிழமை மூணு கிடா கொண்டாறேன் பாய், உரிச்சதும் ஒவ்வொண்ணையும் தராசுல தொங்கவிட்டு எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அவர்களுக்கே இதில் ஆர்வம் உண்டு. கண்ணால் கறி மதிக்கும் திறமை அவர்களிடம் இருக்கிறது. அறுப்பதற்கு முன் அவர் மதிப்பைக் கேட்டு எழுதி வைத்து, பிறகு தராசோடு ஒப்பிடுங்கள். உங்கள் கண்ணுக்கும் அது பயிற்சி. அறுப்பு ஊராட்சி அல்லது நகராட்சி ஆட்டுத்தொட்டியில், பரிசோதனையோடு நடக்கட்டும். ஈரலில் தட்டைப்புழு, நுரையீரலில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று அங்கே தெரிந்துகொள்வது கொட்டிலுக்கும் பயன்படும் செய்தி.

முந்தின இரவு தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். பைக்கில் காலைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். முந்தின நாளே கொண்டு போய் நிழலில் கட்டி ஆற விடுவது நல்லது. அது ஆட்டுக்கும் நிம்மதி, கறிக்கும் அவசியம். காரணம் பின்னால் வருகிறது.

நிறுக்கும் வரிசை: அறுப்பதற்குச் சற்று முன் உயிர் எடை. தலை, கால், தோல். குடலும் இரைப்பையும் நிறைந்தபடி ஒரு முறை, கழுவியபின் ஒரு முறை. ஈரல், சுவரொட்டி, நுரையீரல். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வுக் கொழுப்பு தனியாக, குண்டிக்காய்க் கொழுப்பு தனியாக. கடைசியில் தொங்கும் உடல்.

தொங்கும் உடலின் எடையை உயிர் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் கறி விழுக்காடு. நம் ஆடுகளில் 42 முதல் 50 வரை வரும். இந்த எண்ணைச் சொல்லும்போது வெறும் வயிற்று எடையா, தின்ற எடையா என்று சேர்த்தே சொல்ல வேண்டும். குண்டிக்காயும் அதன் கொழுப்பும் உள்ளேயா வெளியேயா என்பதும் அப்படித்தான். இரண்டு பேர் இரண்டு விதமாக நிறுத்துவிட்டு, என் கிடா 52 உன் கிடா 45 என்று சண்டை போடுவதில் பொருளில்லை.

இந்த எண் ஏன் முக்கியம்? இரண்டு தடுப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் குட்டிகள் சராசரி 14 கிலோவில் தொடங்கின. முதல் தடுப்பு 78 கிலோ உலர்தீவனம் தின்று 25 கிலோவுக்கு வந்தது. இரண்டாவது 64 கிலோ தின்று 23 கிலோவுக்கு வந்தது. ஒரு கிலோ ஏற்றத்துக்கு இரண்டும் 7.1 கிலோதான் தின்றிருக்கின்றன. கொட்டில் கணக்கில் முதல் தடுப்புதான் கெட்டி, இரண்டு கிலோ கூட ஏறியிருக்கிறதே. ஆனால் உரித்துப் பார்த்தால் முதலாவதில் 42 சதவீதம், 10.5 கிலோ. இரண்டாவதில் 48 சதவீதம், 11 கிலோ. தொடக்கத்தில் இரண்டிலும் 6 கிலோ கறி இருந்ததாகக் கொண்டால், முதலாவது 4.5 கிலோ கறி சேர்த்தது, இரண்டாவது 5 கிலோ. ஒரு கிலோ கறிக்கு ஒன்றில் 17 கிலோ தீவனம், இன்னொன்றில் 13 கிலோவுக்கும் குறைவு. உயிர் எடையோடு நிறுத்தியிருந்தால் தவறான பொலிகிடாவைத்தான் வைத்துக்கொண்டிருப்போம். எடை ஏற்றத்தை மட்டும் வைத்துக் கிடாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கறித் தரம்

மாட்டுக் கறியில் சதைக்குள் இழை இழையாக ஓடும் கொழுப்புக்குத்தான் அமெரிக்காவில் உயர்ந்த தரம் கொடுக்கிறார்கள். நம் ஆட்டில் அதைத் தேடிப் பயனில்லை, அவ்வளவாக இருக்காது. நாம் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது முதுகுக் கறியின் பரப்பு. ஆட்டுக்கு 13 ஜோடி விலா. 12-க்கும் 13-க்கும் நடுவே குறுக்காக வெட்டச் சொல்லுங்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு சதை தெரியும். எண்ணெய்த் தாளை அதன் மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து, வீட்டில் கட்டம் போட்ட தாளில் வைத்துச் சதுர சென்டிமீட்டரை எண்ணலாம். அவசரத்துக்கு அகலத்தையும் ஆழத்தையும் அளந்து பெருக்கி, 0.8-ஆல் பெருக்கினால் போதும். அகலம் 5.2, ஆழம் 2.5 என்றால் 10.4 சதுர சென்டிமீட்டர். உடல் முழுக்கச் சதை எப்படி இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வெட்டு நல்ல சாட்சி. அதே இடத்தில் சதைக்கு மேல் இருக்கும் கொழுப்பின் கனத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கறிக்கும் எலும்புக்கும் உள்ள விகிதம். பின்சந்து ஒன்றை நீங்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, தனிக்கறி, எலும்பு, கொழுப்பு என்று பிரித்து நிறுங்கள். ஒவ்வொரு கிடாவிலும் அதே பக்கத்துச் சந்தை எடுக்க வேண்டும். முழு உடலையும் பிரித்தால் இன்னும் நல்லதுதான், ஆனால் யாருடைய கடையில் அதற்கு நேரம் இருக்கிறது?

மூன்றாவது உள்கொழுப்பு. சவ்வுக் கொழுப்பையும் குண்டிக்காய்க் கொழுப்பையும் கூட்டி, தொங்கும் உடலின் எடையோடு ஒப்பிடுங்கள். ஒரே வயதுக் கிடாக்களில் இது கூடிக்கொண்டே போனால், தானியத்தைக் குறைத்திருக்கலாம் அல்லது பத்துப் பதினைந்து நாள் முன்பே விற்றிருக்கலாம் என்று அர்த்தம்.

நான்காவது நிறமும் பதமும். ஓய்வாக அறுபட்ட கிடாவின் சதையில் சேமித்திருந்த மாச்சத்து, அறுத்தபின் அமிலமாக மாறும். சுமார் 7-இல் இருந்த அமிலகார அளவு (pH) மறுநாளுக்குள் 5.5 முதல் 5.8-க்கு இறங்கும். கறி இளஞ்சிவப்பாக, ஈரம் ஒட்டாமல் இருக்கும். வெயிலில் வண்டியில் துவண்டு, பயந்து, பட்டினி கிடந்து வந்த கிடாவில் அந்த மாச்சத்து ஏற்கெனவே தீர்ந்திருக்கும். அளவு 6-க்கு மேலேயே நின்றுவிடும்; கறி கருஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும், சீக்கிரம் கெடும். மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் கடைசி ஒரு நாளில் கெடுப்பது இதுதான். நம் ஊரில் கறி சூடாகவே விற்றுப்போவதால், முதுகுக் கறியில் ஒரு துண்டை எடுத்துக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்து மறுநாள் நிறத்தைப் பாருங்கள்.

கணக்கைக் கொட்டிலுக்குத் திரும்பக் கொண்டு வருவது

நோட்டில் ஒரு கிடாவுக்கு ஒரு வரி: எண், தாய், தந்தை, ஒற்றையா இரட்டையா, தொடக்க எடை, முடிவு எடை, தினசரி ஏற்றம், கை மதிப்பெண், நோய், தொங்கும் எடை, கறி விழுக்காடு, முதுகுக் கறிப் பரப்பு, உள்கொழுப்பு. தடுப்புக்கு ஒரு வரி: தின்ற உலர்பொருள், ஒரு கிலோ ஏற்றத்துக்கு எவ்வளவு, ஒரு கிலோ கறிக்கு எவ்வளவு.

இரண்டு தடுப்புக்கும் வித்தியாசம் சின்னதாக இருந்தால் உடனே பொலிகிடாவை விற்றுவிடாதீர்கள், அடுத்த ஈற்றுக் குட்டிகளிலும் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தால் முடிவெடுக்கலாம். சதைப் பிடிப்பும் கொழுப்பு சேரும் இடமும் பரம்பரையாகக் கணிசமாக இறங்கும் குணங்கள். நல்ல பொலிகிடாவை அடையாளம் கண்டால் அதன் மகளோடு அதையே சேர விடாமல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கு ஐந்து குட்டியை ஒரே கொட்டிலில் ஒரே தீவனத்தில் கட்டினால் இன்னும் நல்லது. தீவன வித்தியாசம் நீங்கி, பொலிகிடாவின் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். மகளிர் குழுக்கள் ஆடு வளர்க்கும் ஊர்களில் இதை இந்தப் பருவத்திலேயே தொடங்க முடியும்.

தாய்களின் பக்கமும் பாருங்கள். தொடர்ந்து குறைவாக ஏறும் குட்டி ஒரே தாயுடையது என்றால், முதலில் அதன் மடியைப் பரிசோதியுங்கள். ஒரு காம்பு அடைத்திருந்தால் குட்டியின் பரம்பரையைக் குறை சொல்ல முடியாது. மடி சரியாக இருந்தும் இரண்டு ஈற்றுக்கு அப்படியே என்றால், அந்தத் தாயின் மறிக்குட்டிகளை (பெண் குட்டிகளை) மந்தையில் நிறுத்தாமல் விற்றுவிடலாம்.

விற்கும்போதும் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் குட்டிகளின் கறி விழுக்காடு 47 பக்கம் நிலையாக வருகிறது என்றால், காலையில் வெறும் வயிற்றில் நிறுத்த 24 கிலோ கிடாவில் 11 கிலோவுக்கு மேல் கறி இருக்கிறது. அன்றைய கறி விலையால் அதைப் பெருக்கி, தலை, கால், ஈரல், குடல், தோல் விலையைக் கூட்டி, கடைக்காரரின் கூலியையும் லாபத்தையும் கழித்தால், வியாபாரி வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் விலை உங்கள் கையில் இருக்கும்.